அவசரப் பிரிவில் ஒரு புது நர்ஸ்

(சர்வதேசச் செவிலியர் தினத்தையொட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் நம் வளாகக் குடியிருப்பாளர். மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறார். கூட்டத்துக்கு வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



முதலுதவி பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னைக் கேட்டார். அதை இன்னொரு நாள் பொம்மை வைத்துச் செய்முறையோடு செய்யலாம், இன்றைக்கு வேறு ஒன்று பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

நம் வளாகத்தில் இரண்டு வீட்டுப் பெண்கள் நர்சிங் முடித்து இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் பணி. நைட் டியூட்டி முடித்து வந்தால் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார்கள், இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நம் எல்லோருக்குமே சொல்லலாம் என்று தோன்றியது. ஏனென்றால் என்றைக்காவது ஒருநாள், பெரும்பாலும் நாம் எதிர்பார்க்காத நேரத்தில், நாம் எல்லோரும் ஒரு அவசரப் பிரிவின் வாசலில் போய் நிற்போம். அங்கே நம்மை முதலில் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்பவர் பெரிய டாக்டராக இருக்க மாட்டார். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ இருப்பார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை அந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் நல்லது, அதற்கும் நல்லது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

வார்டு வேறு, வாசல் வேறு

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருடம். முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டுதான் வேலைக்கு வர முடியும். படிக்கும்போதே வார்டு, ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை என்று எல்லா இடத்திலும் பயிற்சி உண்டு. ஆகவே ஊசி போடத் தெரியாமலோ, பிபி பார்க்கத் தெரியாமலோ யாரும் வருவதில்லை.

பிறகு எங்கே திணறுகிறார்கள்? வார்டில் ஒரு நோயாளி வரும்போதே அவருடைய நோய்க்கு ஒரு பெயர் இருக்கும். கேஸ் ஷீட் இருக்கும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று டாக்டர் எழுதியிருப்பார். அவசரப் பிரிவில் நோய்க்குப் பெயர் கிடையாது, தொந்தரவு மட்டும்தான் இருக்கும். "வயிறு வலிக்குது" என்று ஒருவர் வருவார். அது சாதாரண அஜீரணமாக இருக்கலாம், குடல்வாலாக இருக்கலாம். இளம் பெண்ணாக இருந்தால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்திருக்கலாம். அறுபது வயதுக்காரராக இருந்தால் மாரடைப்பாகக்கூட இருக்கலாம். நான்கு பேரும் சொல்வது ஒரே வார்த்தை. இதில் யாரை உடனே உள்ளே எடுக்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத இடத்தில் அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டும்.

முதலில் டிராலி, பிறகுதான் நோயாளி

எங்கள் பிரிவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் நான் அவர்களை நோயாளியிடம் தனியாக அனுப்புவதில்லை. கிராஷ் கார்ட் என்று நாங்கள் சொல்லும் அவசர டிராலியிடம்தான் அனுப்புவேன். எனக்கும் என் சீனியர் அக்கா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

அந்த டிராலியின் ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். மேல் தட்டில் அட்ரினலின், அட்ரோபின் போன்ற உயிர்காக்கும் மருந்துகள். அடுத்ததில் சிரிஞ்சு, வென்ஃப்ளான் ஊசிகள். அதற்குக் கீழே மூச்சுக்குழாய் போடும் சாமான்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். காலாவதித் தேதி பார்க்க வேண்டும். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, சளி உறிஞ்சும் சக்ஷன் வேலை செய்கிறதா, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருக்கும். "உயிரைக் காப்பாத்தலாம்னு வந்தா பேட்டரி செக் பண்ணச் சொல்றாங்களே" என்று முணுமுணுப்பார்கள். ஆனால் மூச்சு நின்ற ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போது தட்டைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனாலே பாதிப்பு தொடங்கிவிடும். அந்த நிமிடங்களை நாங்கள் காலை எட்டு மணிக்கே, யாரும் வருவதற்கு முன்பே, சேமித்து வைக்கிறோம். நீங்கள் உள்ளே வரும்போது ஒரு நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு ஏதோ பெட்டியைக் குடைந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், வேலை இல்லாமல் நிற்கிறார் என்று நினைக்காதீர்கள்.

யார் முதலில்?

அடுத்த பாடம் டிரையேஜ். பிரெஞ்சு மொழியில் தரம் பிரிப்பது என்று பொருள். நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற அறுவை மருத்துவர், காயம்பட்டவர்களைப் பதவி பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தினார். அதிகாரியா சிப்பாயா என்பது கணக்கில்லை. அந்த வழக்கம்தான் இன்று உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இருக்கிறது.

நம் ஊரில் நிறங்களை வைத்துப் பிரிக்கிறோம். அரசு மருத்துவமனைகளிலும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் இந்த முறைதான். சிவப்பு என்றால் இந்த நிமிடமே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டும், நடுவில் மறுபடி மறுபடி கவனிக்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, ரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி என்று ஒரே வரிசையில் பார்த்து, ஒன்றிரண்டு நிமிடங்களில் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

சொல்வது எளிது. புது நர்ஸுக்கு இதில் பெரிய சோதனை சத்தம். ஒரு பையன் பைக்கிலிருந்து விழுந்து கை உடைந்து அலறிக்கொண்டிருப்பான். கூட ஆறு நண்பர்கள் நின்று கத்துவார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, கேஸ்தான். அந்தத் தம்பியப் பாரு முதல்ல" என்பார். நெற்றியில் வேர்வை. கை சில்லென்று இருக்கும். புதிதாக வந்த யாருக்குமே கால் தானாகச் சத்தம் வரும் பக்கம்தான் போகும். அலறுகிறவனுக்கு மூச்சுப்பாதை நன்றாக இருக்கிறது, அதனால்தான் அலற முடிகிறது என்பது பழகப் பழகத்தான் புரியும். அமைதியாக வேர்த்துக்கொண்டிருப்பவரைத்தான் முதலில் உள்ளே எடுக்க வேண்டும். நெஞ்சு வலியோ அந்தச் சந்தேகமோ உள்ளவருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும். மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும், வாந்தி வரும், அவ்வளவுதான்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கை உடைந்த பையனின் அப்பாவாக நாளைக்கு நீங்கள் நிற்கலாம். உங்களுக்குப் பின்னால் வந்தவரை உங்களுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போவார்கள். கோபம் வரும். வரிசை உடைக்கப்பட்டது என்று தோன்றும். உண்மையில் அங்கே வேறொரு வரிசை நடந்துகொண்டிருக்கிறது. அவசரப் பிரிவில் உங்களைக் காத்திருக்கச் சொன்னால் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காத்திருக்கும்போது வலி கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, உடனே எழுந்து வந்து நர்ஸிடம் சொல்லுங்கள். நிறம் ஒருமுறை போட்டால் போட்டதுதான் என்பதில்லை, மாறும்.

கை பழகும் காலம்

மாரடைப்பில் இதயம் நின்றுபோன ஒருவரை உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே களேபரமாகத் தெரியும். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. ஒருவர் நெஞ்சை அழுத்துவார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்துபவருக்கே தெரியாமல் அழுத்தம் குறைந்துவிடும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சைப் பார்ப்பார். ஒருவர் மருந்து கொடுப்பார். டாக்டர் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்து உத்தரவு சொல்வார்.

புது நர்ஸின் கையில் என்ன இருக்கும் தெரியுமா? பேனா. எத்தனை மணிக்கு அழுத்தத் தொடங்கினார்கள், எத்தனை மணிக்கு அட்ரினலின் போனது, எத்தனை மணிக்கு ஷாக் கொடுத்தார்கள் என்று நிமிடத்தோடு எழுதுவதும், "மூன்று நிமிடம் ஆச்சு டாக்டர்" என்று சத்தமாகச் சொல்வதும் அவர் வேலை. அடுத்த மருந்து எப்போது என்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான். எழுதிக்கொண்டே முழு அறையும் எப்படி இயங்குகிறது என்று அவர் கற்றுக்கொள்கிறார். சில மாதங்களில் அவருக்கு மருந்து கொடுக்கும் இடம் கிடைக்கும்.

மருந்து கொடுப்பதிலும் பழக வேண்டிய ஒழுங்கு இருக்கிறது. டாக்டர் வாயால் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் ஊசியில் ஏற்ற வேண்டும். இன்சுலின், பொட்டாசியம், ஹெப்பாரின் போன்றவற்றை இன்னொரு நர்ஸ் பார்த்துச் சரி சொல்லாமல் கொடுக்கக் கூடாது. நோயாளியின் பெயரைக் கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட வேண்டும். உங்களிடம் நாலு பேர் வந்து நாலு தடவை பெயர் கேட்டால், "எத்தனை தடவைதான் சொல்றது" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொல்லித்தான் நாங்கள் பழக்குகிறோம்.

மனம் பழகும் காலம்

இப்போது அந்த வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் டெல்டா பக்கம். கெட்டிக்காரி, எந்த நரம்பாக இருந்தாலும் முதல் குத்திலேயே வென்ஃப்ளான் போட்டுவிடுவாள். சேர்ந்து மூன்றாவது மாதம் ஒரு சாலை விபத்து. அவள் வயதேதான் இறந்த பெண்ணுக்கும். நாற்பது நிமிடம் எல்லோரும் முயன்றும் முடியவில்லை. அதன்பிறகு உடலைச் சுத்தம் செய்து, கம்மலையும் கொலுசையும் கழற்றி எண்ணி எழுதி, வெளியே நிற்கும் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதும் நர்ஸின் வேலை. அதை அவள் அழாமல் செய்தாள். செய்து முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த படுக்கையில் இருந்த காய்ச்சல்காரர், "ஏம்மா, ட்ரிப்ஸ் தீர்ந்துபோச்சு, யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க" என்றார். "இதோ மாத்துறேன் சார்" என்று சொல்லி மாற்றினாள். மாற்றிவிட்டுத் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பின்னாலேயே போய் டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வைத்தோம். என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம், இனி செய்யக்கூடியது எதுவும் மிச்சம் இருந்ததா என்று. அதிகம் இல்லை, பத்து நிமிடம். அவள் அன்றைக்கு டியூட்டியை முடித்துவிட்டுத்தான் போனாள். இன்று புதிதாக வருபவர்களுக்கு அவள்தான் டிராலியை எண்ணச் சொல்லிக் கொடுக்கிறாள். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல், ஆள் பற்றாக்குறையில் தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்து, ஒரு வருடம் முடிவதற்குள் வேலையை விட்டுப் போன நல்ல பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெற்றோருக்கு என் பதில் இது. சாப்பிடவில்லை, பேசவில்லை என்பதால் வேலையை விடச் சொல்லாதீர்கள். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் அப்படித்தான். வந்தவுடன் "என்ன நடந்தது" என்று குடையாதீர்கள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, தூங்கி எழுந்த பிறகு பக்கத்தில் உட்காருங்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். நோயாளி யார், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அதை அவள் வெளியில் சொல்லக் கூடாது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, டியூட்டிக்குக் கிளம்பும்போதே கை நடுங்குகிறது என்றால் அது பழக்கத்தால் சரியாகிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பொறுப்பு நர்ஸிடம் பேசி டியூட்டியையும் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று தூக்கம் கெட்ட மறுநாள் முடிவு செய்ய வேண்டாம்.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

புது நர்ஸுகளிடம் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் ரத்தம் என்று சொல்ல மாட்டார்கள். அட்டெண்டர்கள் என்பார்கள். அதாவது நோயாளியோடு வருபவர்கள். அதாவது நாம்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது என்பதற்காக யாரும் கோபப்படாமல் இருப்பதில்லை. பெற்றவர் படுத்துக் கிடக்கும்போது பதற்றம் வரத்தான் செய்யும், அதை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கோபம் டாக்டர் மீது வரும்போது வெளியே வருவதில்லை, சீனியர் நர்ஸ் மீதும் அவ்வளவாக வருவதில்லை. வாசலில் நிற்கும் வயதில் சின்னப் பிள்ளை மீதுதான் முழுவதும் இறங்கும். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரமும் இருக்காது. கை நடுங்கிக்கொண்டே உள்ளே போய், உங்கள் அப்பாவுக்கே ஊசி போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, போலீஸ் விவகாரம். விபத்து, தீக்காயம், விஷம், அடிதடி என்று வந்தால் ஏ.ஆர். என்ட்ரி போட்டாக வேண்டும். "போலீஸ்லாம் வேண்டாம் சிஸ்டர், வழுக்கி விழுந்தான்னு எழுதிக்குங்க" என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சாதீர்கள். அவர் நினைத்தாலும் செய்ய முடியாது. சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வம்பில் மாட்டிக்கொள்வோம் என்றும் பயப்பட வேண்டாம். உதவி செய்தவரைப் பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் மீது வழக்குப் போடக் கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு அரசே பணம் கொடுக்கிறது. "காசு கட்டினாத்தான் பார்ப்பீங்களா" என்று வாசலில் சண்டை போடுவதற்கு முன், இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

இரண்டு பெண்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தி நைட் டியூட்டிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு நான்கு வார்த்தை.

தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்லுங்கள். "தெரியல அக்கா, ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்பவரைப் பார்த்து எனக்குப் பயமே வராது. கேட்காமல் தலையாட்டுபவரைப் பார்த்தால்தான் பயம்.

நோயாளியைப் பற்றி டாக்டருக்குப் போன் செய்யும்போது இதே வரிசையில் சொல்லிப் பழகுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன இருந்தது, நான் பார்த்தது என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். நடு ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்ட டாக்டருக்கு இது மிகவும் உதவும்.

ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் தோன்றினால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் மறுபடி போய்ப் பாருங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். நிலைமை மோசமாகப் போகிறது என்பதை மற்ற எண்களுக்கு முன்பே மூச்சு பல நேரங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் போங்கள். பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பது தியாகம் இல்லை, உடம்பைக் கெடுத்துக்கொள்வது.

நம் வளாகத்தில் நாம் செய்யக்கூடியவை

கடைசியாக நமக்கு. வாசலில் நிற்கும் அந்தப் புது நர்ஸின் வேலையில் பாதியை நாம் வீட்டிலிருந்தே செய்து கொடுத்துவிடலாம்.

ஒன்று. வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு தாள். பெயர், வயது, என்னென்ன நோய், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு செய்த ஆபரேஷன், இரண்டு போன் நம்பர். பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். "வெள்ளைக் கலர்ல சின்ன மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது. முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அவர் தலையில் அடிபட்டு வந்தால் எங்கள் கணக்கே மாறிவிடும். அவசரத்தில் தாள் கிடைக்காவிட்டால் மாத்திரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டு. நேரம். முகம் கோணிப்போவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து தொடங்காது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். "காலையில எழுந்தப்பவே இப்படித்தான் இருந்தார்" என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்று கேட்பார்கள். யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். சர்க்கரை நோயாளி என்றால் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

மூன்று. பேசுவதற்கு ஒரே ஆள். நோயாளியோடு ஐந்து பேர் வந்தாலும், விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் நர்ஸிடம் பேசுங்கள். மற்றவர்கள் பில், மருந்து, போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நான்கு. இது சங்கத்துக்கு. நம் பி பிளாக் லிப்டில் ஸ்ட்ரெச்சர் நீட்டமாக நுழையுமா என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறோமா? நுழையாது என்றால் சக்கர நாற்காலி ஒன்று செக்யூரிட்டி அறையில் இருக்க வேண்டும். 108-க்குப் போன் செய்தவுடனே கேட்டுக்கும் போன் செய்யுங்கள். எந்த பிளாக், எந்த மாடி என்று செக்யூரிட்டிக்குத் தெரிந்தால் அவரே ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், லிப்டையும் கீழே பிடித்து வைத்திருப்பார். பிளாக் வாசலில் "ரெண்டே நிமிஷம்" என்று கார் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து. நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள் நம் வளாகத்தில் நர்ஸ்கள் மட்டும் இல்லை, ஐ.டி.காரர்கள், போலீஸ்காரர் ஒருவர், டிரைவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். துளை போடும் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று விதி போட்டிருக்கிறோம், அது அவர்களுக்கு நடு ராத்திரி. வேலை நடக்கும் நாளை முந்தின நாளே குரூப்பில் போட்டுவிட்டால் அவர்கள் வேறு எங்காவது போய்த் தூங்கிக்கொள்வார்கள்.

மருத்துவத் தகவல் தாளின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு அடுத்த ஞாயிறு காலை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். மாத்திரை அட்டைகளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.